கேரட் சாறு குடித்தால் குடல் புற்று திரும்பி வராதா? கேத்தியிலிருந்து ஒரு கேள்வி

கேத்திப் பொண்ணு
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறோம். அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருங்குடலில் புற்று என்று தெரிந்து கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அப்புறம் எட்டு கீமோ. இப்போது நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் போய் வருகிறோம்.

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தினமும் ஒரு லிட்டர் கேரட் சாறு குடித்தால் புற்று திரும்பி வராது, இருக்கிற கட்டியும் கரைந்துபோகும், கேரட்டில் உள்ள ஒரு பொருளை வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. அம்மா அன்றைக்கே மிக்சியைக் கீழே இறக்கிவிட்டார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. அப்பா மறு பேச்சு பேசாமல் குடிக்கிறார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அப்பா பிறந்ததிலிருந்து கேரட் தின்றவர். காட்டில் பிடுங்கி, தழையை முறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீரில் ஒரு அலசு அலசி அப்படியே கடிப்பார். அவருக்கே வந்ததே? இந்தச் செய்தியில் எது உண்மை, எது கதை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோத்தகிரி வாத்தியார்
ஞாயிறு, இரவு 10.25

அம்மா, நான் முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். மருத்துவன் இல்லை. ஆனால் இந்தப் பொருளைப் பற்றிப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். நம் ஊர்க் கிழங்கு என்பதால் வந்த ஆசை.

அந்தச் செய்திக்கு ஒரு வேர் இருக்கிறது. கேரட்டில் ஃபால்கரினால் என்று ஒரு பொருள் உண்டு. பதினேழு கரி அணுக்கள் கொண்ட சங்கிலி, அதில் இரண்டு இடத்தில் மும்மைப் பிணைப்பு. கேரட் செடி இதைத் தனக்காகத்தான் செய்துகொள்கிறது. மண்ணிலும் கிடங்கிலும் பூஞ்சை தாக்கும்போது அதை எதிர்க்க இது உதவுகிறது. செலரி, பார்ஸ்லி, ஜின்செங் வேர் இவற்றிலும் இருக்கிறது.

2005-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகமும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து 24 எலிகளை வைத்துப் பார்த்தார்கள். புற்று வரவேண்டும் என்றே மருந்து கொடுத்த எலிகள் அவை. ஒரு பிரிவுக்கு வழக்கமான தீனி, ஒரு பிரிவுக்குக் கேரட் கலந்த தீனி, இன்னொரு பிரிவுக்குக் கேரட்டில் இருக்கும் அளவுக்கு ஃபால்கரினால் கலந்த தீனி. 18 வாரம் கழித்துப் பார்த்தபோது, கேரட்டோ ஃபால்கரினாலோ சாப்பிட்ட எலிகளின் குடலில் புற்றாக மாறக்கூடிய கட்டிகள் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன.

இவ்வளவுதான் அந்த "நிரூபித்துவிட்டார்கள்". எலி, அதுவும் 24. இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன், ஏனென்றால் அதற்கு முன்பு கேரட்டின் நல்ல குணம் எல்லாம் அதன் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கிறது என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் எலியின் குடலில் கட்டி குறைவாக வந்தது வேறு, மனிதனுக்கு வந்த புற்று கரைவது வேறு. இரண்டாவதை யாரும் காட்டவில்லை.


பச்சைச்சாறு
திங்கள், காலை 6.15

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் குன்னூர். எட்டு வருஷமாகக் காலையில் கேரட் சாறு குடிக்கிறேன். சளி, காய்ச்சல் என்று படுத்தது இல்லை. எலியை விடுங்கள், மனிதர்களிடமும் ஆய்வு செய்திருக்கிறார்கள், கேரட் சாப்பிட்டவர்களுக்குப் புற்று குறைவு என்று நானே படித்திருக்கிறேன். இயற்கைப் பொருள், கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது? கேரட்டின் சத்தை மாத்திரையாகவே விற்கிறார்கள். தங்கச்சி, அம்மா செய்வதைத் தடுக்காதே.


கோத்தகிரி வாத்தியார்
திங்கள், காலை 8.50

நீங்கள் படித்தது சரிதான். 2020-ல் டென்மார்க்கில் இருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. 57,053 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு 32 கிராமுக்கு மேல் பச்சைக் கேரட் சாப்பிட்டவர்களுக்கு, பச்சைக் கேரட்டே சாப்பிடாதவர்களைவிடப் பெருங்குடல் புற்று 17 சதவீதம் குறைவாக வந்திருந்தது. 32 கிராம் என்றால் வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு கேரட். 2023-ல் நியூகாசில் குழு 198 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் இருந்தவர்கள் மொத்தம் 47 லட்சம் பேர். வாரத்துக்கு ஐந்து கேரட் சாப்பிடுகிறவர்களுக்கு எல்லா வகைப் புற்றும் சேர்த்து 20 சதவீதம் குறைவு என்று வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். லிட்டர் கணக்கில் எங்குமே பேச்சு இல்லை. வாரத்துக்கு ஐந்து கேரட், அதுவும் மெல்லும் கேரட். அப்புறம், இவை யாருக்கும் எதையும் கொடுத்துச் சோதிக்காமல், அவரவர் சாப்பிடுவதைக் கவனித்து மட்டும் போட்ட கணக்குகள். பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்கிற ஆள் பெரும்பாலும் சிகரெட்டும் குறைவாகப் பிடிப்பார், நடக்கவும் செய்வார். அதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், ஆனாலும் முழுக்கக் கழியாது.

"17 சதவீதம் குறைவு" என்பதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன். நூறு பேருக்கு வரவேண்டிய இடத்தில் எண்பத்து மூன்று பேருக்கு வருகிறது. அந்த எண்பத்து மூன்று பேரும் கேரட் தின்றவர்கள்தான். உங்கள் அப்பாவுக்கு ஏன் வந்தது என்று கேட்டீர்களே அம்மா, அதற்குப் பதில் இதுதான். கேரட் அவரைக் கைவிடவில்லை. அது தாயத்து இல்லை, அவ்வளவுதான்.

இனி மாத்திரை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிர்கள் போயிருக்கின்றன. கேரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டின்தான் புற்றைத் தடுக்கிறது என்று 1980-களில் பலரும் நம்பினார்கள். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அதில் பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். குறைவு இல்லை, அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் 28 சதவீதம் அதிகமாகி, 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிழங்காகத் தின்றபோது நல்லது செய்கிற மாதிரித் தெரிந்த பொருளைத் தனியாகப் பிரித்து அதிக அளவில் கொடுத்தபோது, அதுவும் புகை பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்தபோது, கெடுதலாக முடிந்தது. "இயற்கைப் பொருள், கெடுதல் என்ன" என்று யாராவது கேட்டால் எனக்குப் பின்லாந்துதான் ஞாபகம் வரும்.


மேட்டுப்பாளையம் மண்டி
திங்கள், பகல் 1.30

நான் வியாபாரி. வாத்தியார் சார் அந்தப் பொருள் பூஞ்சையை எதிர்க்கும் என்றாரே, அதற்குச் சுவை உண்டா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையிலிருந்து வரும் லோடில் சில மூட்டை கசக்கும். வாங்குகிறவர் கடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். இனிப்பும் பளபளப்பும் இருந்தால்தான் விலை. கழுவும் மெஷினில் தோல் வழவழவென்று தேய்ந்து வந்தால்தான் "ஊட்டி கேரட்" என்று கையில் எடுக்கிறார்கள். அப்படியானால் நல்ல சத்தைத் தேய்த்துவிட்டுத்தான் விற்கிறோமா?


கோத்தகிரி வாத்தியார்
திங்கள், மாலை 4.05

நல்ல கேள்வி. ஃபால்கரினாலுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஃபால்கரின்டையால் என்று ஒன்று உண்டு. கேரட்டின் கசப்புக்கு முக்கியக் காரணம் அதுதான். அது தோலை ஒட்டி அதிகம் இருக்கும். ஃபால்கரினால் கிழங்குக்குள்ளும் பரவி இருக்கும். அதனால் தோல் தேய்ந்தால் கொஞ்சம் போகும், எல்லாம் போகாது.

ஆனால் உங்கள் மூட்டை கசப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். கேரட்டை ஆப்பிளுடனோ மற்ற பழுக்கும் பழங்களுடனோ அடைத்து வைத்தால், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டுக் கேரட் கசந்துபோகும். அந்தக் கசப்புப் பொருள் வேறு. லோடில் பழக் கூடை சேர்ந்து வந்ததா என்று பாருங்கள்.


மேட்டுப்பாளையம் மண்டி
திங்கள், இரவு 7.50

சார், எங்கள் கிடங்கில் ஒரு பக்கம் கேரட், மறு பக்கம் ஆப்பிள் பெட்டி. பத்து வருஷமாக அப்படித்தான். நாளைக்கே மாற்றி அடுக்கச் சொல்லிவிட்டேன்.


கட்டபெட்டு விவசாயி
திங்கள், இரவு 8.20

தோலோடு தின்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் மருந்து அடித்து விவசாயம் செய்தவன்தான், இப்போது நான்கு வருஷமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். தோலில் சத்து இருக்கிறது என்று கேட்டவுடனே கடையில் வாங்கியதை அப்படியே கடிக்காதீர்கள். மெஷினில் கழுவினதுதானே என்று நினைக்கவேண்டாம், அங்கே ஓடுகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஓடும் தண்ணீரில் நார் பிரஷ் போட்டுத் தேய்த்து, மேலே லேசாகச் சுரண்டினால் போதும். நாங்கள் காட்டிலிருந்து எடுத்து வருவதற்கும் அதே கதைதான்.


குன்னூர் நர்ஸ்
திங்கள், இரவு 11.10

இரவு டியூட்டி நடுவில் எழுதுகிறேன். புற்றுநோய் வார்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன்.

தங்கச்சி, உன் அப்பா கீமோ முடித்துவிட்டார் என்பதால் அளவாகக் கேரட் சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் தினம் ஒரு லிட்டர் சாறு வேண்டாம். சாறு எடுக்கும்போது நார் சக்கையோடு போய்விடும். பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று நல்ல ஆதாரம் இருப்பதே அந்த நாருக்குத்தான். அதைத் தூக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு இனிப்புத் தண்ணீரை அப்பாவுக்குக் கொடுக்கிறோம். சர்க்கரை இருக்கிறதா அவருக்கு? இருந்தால் இன்னும் யோசிக்கவேண்டும். சில வாரம் இப்படிக் குடித்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை என்று பயந்து ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காமாலை என்றால் கண் வெள்ளையும் மஞ்சளாகும், கேரட் மஞ்சளில் கண் வெள்ளையாகவே இருக்கும்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு இது. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் சரியாகக் கழுவாத பச்சைக் காய், வெளியில் பிழிந்த சாறு இரண்டும் ஆபத்து. எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சொல்லாமல் இருக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஊரும் பேரும் வேண்டாம். நாற்பது வயது அம்மா ஒருவர், மார்பில் சின்னக் கட்டி, குணமாக்கக்கூடிய கட்டம். இரண்டு கீமோ முடிந்ததும் முடி கொட்டியது. யாரோ சாறு வைத்தியம் என்று சொன்னதைக் கேட்டு வருவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து வந்தார். கை இரண்டும் ஆரஞ்சு நிறம். மூச்சு விட முடியவில்லை, நுரையீரலுக்குப் போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தவறாமல் குடித்தேன் சிஸ்டர், ஒரு நாள்கூட விடவில்லை" என்றார். கேரட் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிகிச்சைக்குப் பதிலாக அதை ஒருத்தர் கையில் கொடுப்பவர்கள் மேல்தான் கோபம்.


கேத்திப் பொண்ணு
செவ்வாய், காலை 7.30

அக்கா, படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் கீமோ சமயம் ஞாபகம் வந்தது. அந்த மருந்தால் குளிர் பட்டாலே பொறுக்காது, இந்த மலைக் குளிரில் அவர் பட்ட பாடு. குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்பார். இரும்புக் கேட்டைத் துணி சுற்றித்தான் திறப்பார். காலையில் வெளியே வந்து மூச்சு இழுத்தால் தொண்டை இறுகிவிடும். வாழ்நாள் முழுக்கப் பனியில் நின்று கேரட் எடுத்தவர், டிசம்பர் முழுக்க அடுப்படியை விட்டு வரவில்லை.

இதுவரை இங்கே எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்து ஏழு மாதம் கழித்துத்தான் நோய் என்றே தெரிந்தது. காரணம் பீட்ரூட். வீட்டில் விளைகிறதால் வாரத்தில் நான்கு நாள் பீட்ரூட் பொரியல்தான். சிவப்பாகப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னபோது, "நேற்று பீட்ரூட்தானே தின்றீர்கள்" என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். தொட்டுக்கூடப் பார்க்காமல் மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா எடை குறைந்து, மூட்டை தூக்கும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் கோயம்புத்தூர் போனோம்.


குன்னூர் நர்ஸ்
செவ்வாய், காலை 9.15

நீ எழுதியது இந்த மலையில் காய் விளைவிக்கும் எல்லாருக்கும் தெரியவேண்டிய விஷயம். பீட்ரூட் சாப்பிட்டால் மறுநாள் மலம் சிவப்பாகப் போகலாம், சிலருக்குச் சிறுநீரும். அது பீட்டானின் என்ற நிறம், பயம் இல்லை. மூன்று நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பாருங்கள். அதற்கப்புறமும் சிவப்போ கறுப்போ தெரிந்தால் உடனே காட்டவேண்டும். களிம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

இனி உனக்கு ஒரு கேள்வி. அப்பாவுக்கு 59 வயதில் கண்டுபிடித்தார்கள். உனக்கு என்ன வயது? கூடப் பிறந்தவர்கள் உண்டா? பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதில் கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ளவேண்டும். அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தால், வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்ளவேண்டும், எது முந்தியோ அது. குடலில் முதலில் வருவது பெரும்பாலும் பாலிப் என்ற சின்னச் சதை. அது புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். குழாய் விட்டுப் பார்க்கும்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம். 17 சதவீதம், 20 சதவீதம் என்று கேரட்டுக்குக் கணக்குப் பார்க்கிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.


மன்னவனூர் பூண்டு
செவ்வாய், மாலை 6.40

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து. இங்கே பூண்டும் உருளையும்தான் பிழைப்பு. எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, புற்று போகும் என்று சொல்லியே டூரிஸ்டுகளிடம் கூடுதல் விலைக்கு விற்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பூண்டு நல்ல உணவு, அதற்கு மேல் சொல்லி விற்க என் மனசு ஒப்பவில்லை.

நான் கேட்க வந்தது உருளை. என் பாட்டி ராத்திரி வேகவைத்த உருளைக்கிழங்கை மறுநாள் காலையில் ஆறினபடியே உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுவார். அது வயிற்றுக்கு நல்லது என்பார். அதில் ஏதாவது உண்டா சார்?


கோத்தகிரி வாத்தியார்
செவ்வாய், இரவு 9.00

உங்கள் பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேகவைத்த உருளை ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத மாவாக மாறும். சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் நல்ல கிருமிகளுக்கு இரையாகும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பரம்பரையாகப் புற்று வரும் ஒரு கோளாறு உண்டு. அது உள்ள கிட்டத்தட்ட ஆயிரம் பேரிடம், தினம் 30 கிராம் செரிக்காத மாவைத் தூளாகக் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. சராசரியாக இரண்டு வருஷம் சாப்பிட்டார்கள், அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். 2022-ல் வந்த முடிவு எதிர்பாராதது. பெருங்குடல் புற்று குறையவில்லை. ஆனால் இரைப்பை, கணையம் போன்ற மற்ற இடங்களில் வரும் புற்று கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. இது வெறும் கவனிப்பு இல்லை, ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுச் செய்த சோதனை. அதனால் இதற்கு எடை அதிகம். ஆனால் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களிடம் செய்தது, அதை மறக்கக்கூடாது. வேகவைத்த உருளையை ராத்திரி முழுக்க வெளியில் விடாமல், ஆறினவுடன் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம் முள்ளங்கி, டர்னிப். இவற்றின் காரத்தைத் தருகிற ஐசோதயோசயனேட்டுகளையும் புற்றுக்கு எதிராக ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். கிழங்கைத் துருவும்போதும் மெல்லும்போதும்தான் அந்தக் காரம் உண்டாகும், முழுதாக வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். கேரட் இதற்கு நேர்மாறு. 2009-ல் நியூகாசில்காரர்கள் அளந்து பார்த்ததில், வெட்டி வேகவைத்த கேரட்டைவிட முழுதாக வேகவைத்து அப்புறம் வெட்டியதில் ஃபால்கரினால் 25 சதவீதம் அதிகம் இருந்தது. வெட்டின பக்கமெல்லாம் தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. முள்ளங்கியைத் துருவுங்கள், கேரட்டை முழுதாகப் போடுங்கள். சமையலுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.


பச்சைச்சாறு
செவ்வாய், இரவு 10.35

நர்ஸ் அம்மா எழுதியதை என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். நான் சாறு குடிக்கிறதை நிறுத்தப்போவதில்லை, அரை டம்ளராகக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி, "தடுக்காதே" என்று எழுதியது தப்பு. எங்கள் தெருவில் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார். அவருக்கும் நான்தான் இந்தச் செய்தியை அனுப்பினேன். நாளைக் காலையில் நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.


கேத்திப் பொண்ணு
வெள்ளி, இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை. அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். பின்லாந்துக் கதையை இரண்டு தடவை கேட்டார். மிக்சி மறுபடியும் மேலே போய்விட்டது. இன்று கேரட்டைத் தலை மட்டும் கிள்ளி, முழுசாக இட்லிப் பாத்திரத்தில் வேகவைத்து, அப்புறம் வெட்டித் தாளித்தார். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இதுக்குத்தான் காட்டு வாசம் இருக்குது" என்றார்.

எனக்கு 38. அண்ணனுக்கு 42. அவன் திருப்பூரில் இருக்கிறான். முதலில், "எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டான். அப்பாவே அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, வெளியே போய்க் கேரட் காட்டு ஓரத்தில் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அண்ணன் வருகிற 18-ம் தேதி கோயம்புத்தூரில் நேரம் வாங்கியிருக்கிறான். அக்கா, முந்தின நாள் குடல் சுத்தம் பண்ண மருந்து குடிக்கவேண்டுமாமே, அதற்கு முன்னால் என்ன சாப்பிடலாம், பீட்ரூட் கூடாதுதானே? கொஞ்சம் எழுதுங்கள், அவனுக்கு அனுப்பவேண்டும்.